கொஞ்சம் மெதுவா எழுது

வீட்டில் ஒருத்திக்கு இங்கிலீசு எழுத வந்தால் போதும், அவள் தெருவுக்கே பொதுச் சொத்தாகிவிடுவாள். நிப்லாவுக்கு நடந்தது அதுதான். கல்முனையில் ஒரு டியூட்டரியில் இங்கிலீசு படிப்பிக்கிறாள் என்று பேர். பாதிப் பொழுது ஊராரின் விண்ணப்பங்களைத் திருத்துவதில் போகும். யார் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் அவள் கண் முதலில் வினைச்சொல்லில்தான் போய் விழும். முடிந்துபோன காரியத்தை இன்னும் நடந்துகொண்டிருப்பதாக எழுதியிருந்தால் அவளுக்குப் பல் கூசும். கலியாணக் கார்டில் அடைமொழி இடம் மாறி நின்றால், சாப்பாட்டுச் சஹனில் கை வைக்க முன்னமே அதைப் பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லிவிடுவாள். கெட்ட பழக்கம்தான். ஆனால் அந்த ஒரு விஷயத்தில் தனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பதை அவளே ஒத்துக்கொள்வாள்.

அவளிடம் அதிகம் எழுதி வாங்கியவன் அவளுடைய அண்ணன், அவள் காக்கா என்று கூப்பிடும் முஸ்தாக். கட்டாரில் ஒரு கட்டடக் கொம்பனியின் ஸ்டோருக்குப் பொறுப்பாக இருந்தான். அவன் பேசும் இங்கிலீசில் வினைக்கு ஒரே உருவம்தான். நேற்றுப் போனாலும் நாளைக்குப் போனாலும் ‘ஐ கோ’ தான். அதை வைத்துக்கொண்டே நேபாளிக்காரனோடும் பிலிப்பைன்காரனோடும் சிரித்துப் பேசி வேலையை நடத்திவிடுவான். எழுத்து என்று வந்தால் மட்டும் பேனையைக் கீழே வைத்துவிடுவான். அதனால் அண்ணனும் தங்கையும் ஒரு வழி பழகிவைத்திருந்தார்கள். அவன் சொல்ல வேண்டியதைத் தமிழில் குரல் பதிவாக அனுப்புவான். அவள் இங்கிலீசில் எழுதி அனுப்புவாள். அவன் வாசித்தும் பார்க்காமல் அப்படியே மேலிடத்துக்குத் தள்ளிவிடுவான். வாசித்தாலும் பாதி விளங்காது. தங்கச்சி எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்பது அவனுக்குக் கலிமா மாதிரி.

அவன் அங்கே கிடந்து உழைப்பது எதற்கு என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வருகிறவருக்கு ஒரு வீடு வேண்டும். வாப்பா மவுத்தாகி, தகப்பன் இல்லாத வீட்டில் அந்த வீட்டைக் கட்டிக்கொடுப்பது காக்காவின் தலையில். தங்கச்சியைக் கரைசேர்க்காமல் தன் கலியாணத்தைப் பற்றி அவன் மூச்சுக்கூட விடமாட்டான். உம்மாவின் பழைய வீட்டை ஒட்டி நிப்லாவுக்கான வீடு எழும்பிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை றிஷாட்டின் ஆட்கள் நல்ல ஆட்கள், வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. வந்துபோகும்போதெல்லாம் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான். ஹஜ்ஜுப் பெருநாள் முடிய நிக்காஹ் என்று பேச்சு.

அப்படி இருக்கையில்தான் அந்தக் குரல் பதிவு வந்தது.

“நிப்லா, பயப்பிடாம கேளு, எனக்கு ஒண்டும் இல்ல. நம்மட பவிதரனுக்குத்தான். பைப் கட்டு மேல தூக்கக்குள்ள சங்கிலி அறுந்து அவன்ட வலக்கையில விழுந்திட்டு. விரல் எல்லாம் போயிட்டு புள்ள. எழுத்தில வாக்குமூலம் கேட்கிறாங்க. நான் உள்ளதச் சொல்லுறன், நீ எழுது. அந்தச் சங்கிலி மோசமாத் தேஞ்சு கிடந்த. மாத்தாமத் தூக்க ஏலா எண்டு நான் எஞ்சினியர்ட்டச் சொன்னன். ஒருக்கா இல்ல, போகக்குள்ள வரக்குள்ள எல்லாம் சொன்னன். அவர் வேல முடியட்டும், தூக்கு எண்டார். இதத்தான் எழுதணும்.”

பவிதரன் வினாயகபுரத்துக்காரன். காக்காவோடு ஒரே அறையில் படுத்து, ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டவன். லீவில் வந்தபோது காக்கா கொடுத்துவிட்ட சாமான்களைத் தூக்கிக்கொண்டு இந்த வீட்டுக்கும் வந்திருக்கிறான். சோற்றுக்கு உம்மா ஆக்கிய ஆணத்தை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன். நிப்லாவுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே எழுதினாள், நன்றாகவும் எழுதினாள். ‘ஐ டோல்ட் த எஞ்சினியர்’ என்று தொடங்கினாள். வினை நேராக நின்றது. சங்கிலி தேய்ந்ததற்கு ‘பேட்லி’ என்ற அடைமொழியைக் கொடுத்தாள்.

எழுதியதை உம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டியதுதான் வினையாகிப்போனது. ஹாஜறா உம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

“எஞ்சினியர்ர பேரயும் எழுதத்தான் வேணுமா மகள்?”

“காக்கா அப்பிடித்தானே உம்மா சொல்லுறார்.”

“அவன் வெள்ளமனசுக்காரன், சொல்லுவான். மேல இருக்கிறவனச் சுட்டிக்காட்டினா நாளைக்குக் காக்காட வேலைக்கு உல வெச்சிருவான். ஊடும் அரைவாசியில நிக்கிது. பொய் எழுதச் சொல்லல்ல. கொஞ்சம் மெதுவா எழுது.”

நிப்லா போனை எடுத்துக்கொண்டு கட்டி முடியாத வீட்டுக்குள் போனாள். பூசாத சுவர், சீமெந்து மணம். அங்கே நின்றுகொண்டுதான் திருத்தினாள். முதலில் ‘டோல்ட்’ போனது. சொல்லியிருக்கக் கூடும் என்ற பொருள் வர ‘மே ஹாவ் மென்ஷன்ட்’ வந்து உட்கார்ந்தது. சொன்னது யாரிடம் என்பதும் வசனத்திலிருந்து காணாமல் போனது. செய்பாட்டு வினையில் எழுதினால் ஆள் இல்லாமலே காரியம் நடக்கும்; அதைப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதே அவள்தான். மோசமாக என்ற ‘பேட்லி’யை வெட்டி, கொஞ்சமாக என்ற ‘ஸ்லைட்லி’யை வைத்தாள். திருப்பி வாசித்தபோது ஒரு பிழை இல்லை. எந்தச் சோதகர் கையில் கொடுத்தாலும் முழுப் புள்ளி போடுவார். ஒரு கணம் தன் எழுத்தைப் பார்த்து அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையைப் பிற்பாடு நினைத்து நினைத்து அவள் வெட்கப்பட்டாள்.

காக்கா வழக்கம்போல வாசிக்காமலே அனுப்பிவிட்டான்.

காக்காவின் வேலைக்கு ஒரு ஆபத்தும் வரவில்லை. மாதா மாதம் காசு வந்தது, மேசன்மார் வந்தார்கள், சுவர் பூசப்பட்டது, நிலத்துக்கு மாபிள் பதித்தாயிற்று. ஒவ்வொரு வேலை முடியும்போதும் உம்மா “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். நிப்லாவும் சொன்னாள். சுவரைப் பார்க்காமல் சொன்னாள்.

பவிதரனைக் கொம்பனி ஊருக்கு அனுப்பிவிட்டதாம், நட்டஈடு இல்லையாம் என்று பிறகு தெரிந்தது. காக்காவே போனில் கோல் எடுத்துச் சொன்னான். குரல் உடைந்திருந்தது.

“நான் மாத்திச் சொல்லிட்டன் எண்டு நினைச்சிட்டு இருக்கான் புள்ள. கோல் எடுக்கிறானில்ல. அல்லாட மேல ஆணையா எல்லாம் சொன்னன் எண்டு வொய்ஸ் போட்டன், கேட்டிட்டு ஒண்டும் பேசுறானில்ல. கொம்பனிக்காரன்தான் என்னமோ மாத்தி விளையாடியிருக்கான். நான் உள்ளதத்தானே சொன்னன்? நீயும் உள்ளதத்தானே எழுதின?”

“ஓம் காக்கா,” என்றாள் நிப்லா.

அந்த ஓம் அவளைச் சும்மா விடவில்லை. எழுதியதைக்கூட மெதுவாக எழுதியது என்று மனசுக்குச் சமாதானம் சொல்லலாம். இது பச்சைப் பொய். அன்று பின்னேரம் தொழுதுவிட்டுக் கையேந்தினாள். அறிந்தும் அறியாமலும் செய்த பாவங்களை மன்னித்துவிடு என்றுதான் எப்போதும் கேட்பாள். ‘அறியாமலும்’ என்ற இடத்தில் வாய் நின்றுவிட்டது. அறியாமல் செய்த பாவம் எதுவும் அப்போது அவளுக்கு ஞாபகம் வரவில்லை. கையை முகத்தில் தடவிக்கொண்டு எழும்பிவிட்டாள்.

டியூட்டரியிலும் அதே கதைதான். ‘மஸ்ட்’, ‘மே’, ‘மைட்’ மூன்றையும் பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால், முன் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை கையை உயர்த்தியது.

“டீச்சர், எனக்கு நல்லாத் தெரியும் எண்டா, அப்பயும் ‘மே’ போடலாமா?”

“போடக் கூடாது,” என்றாள் நிப்லா. பிள்ளை அதை எழுதிக்கொண்டது. நிப்லா பலகையைப் பார்த்துத் திரும்பி நின்று, அழிக்கத் தேவையில்லாத ஒன்றை வெகுநேரம் அழித்தாள்.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை காலையில் கேற்றடியில் ஒரு பெண் வந்து நின்றாள். நெற்றியில் திருநீறு, கையில் ஒரு சொப்பிங் பை. பஸ்ஸில் வந்த களை முகத்தில் தெரிந்தது.

“டீச்சர், நான் வினாயகபுரம். கஜேந்தினி. பவிதரன்ட மனிசி.”

நிப்லா கேற்றைத் திறந்தாள். உள்ளே கூப்பிட்டு இருத்தினாள். கஜேந்தினி கதிரையின் ஓரத்தில் இருந்துகொண்டு, மனசில் ஒத்திகை பார்த்து வந்ததுபோல் பேசினாள்.

“உள்ளதச் சொல்லுறன், நீங்க கோவிக்கக் கூடா. உங்கட அண்ணன் எங்களுக்குச் செஞ்சது சரியான அநியாயம். ஸ்டோர்க்காரரே சங்கிலி கொஞ்சம்தான் தேஞ்சிருந்த எண்டு சொல்லிட்டார், அதால உண்ட புருசன்தான் கவனமில்லாம நிண்டிருக்கார் எண்டு கொம்பனியில சொல்லுறாங்க. இவர் கையப் பாத்துப் பாத்துப் பேசாம இருக்கார். விரல் போனத விடக் கூட்டாளி போனதுதான் அவருக்குப் பெரிசு. இங்க வாறன் எண்டதுக்கும் வேணாம் எண்டார். நான்தான் வந்தன். அண்ணன் செஞ்சதுக்குத் தங்கச்சி என்ன செய்யும்? மேல ஒருக்கா எழுதிக் கேட்கலாமாம். எங்கட பக்கம் அப்பிடி எழுத ஆள் இல்ல டீச்சர்.”

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வந்ததும் உண்மை. ஆனால் பக்கத்து அறைத் திரைக்குப் பின்னால் உம்மா நிற்பது தெரிந்தது. புது வீட்டில் பெயின்ட் அடிப்பவர்களின் சத்தமும் கேட்டது. நிப்லா லப்டொப்பைத் திறந்தாள்.

அன்று அவள் எழுதிய மேன்முறையீட்டில் ஒரு ‘மே’ இல்லை, ஒரு ‘ஸ்லைட்லி’ இல்லை. வினைகள் ஒவ்வொன்றும் ஆளோடு நின்றன: யார் தூக்கச் சொன்னார், யார் தூக்கினார், யாருடைய கையில் விழுந்தது. கடைசியில், ஸ்டோர்ப் பொறுப்பாளரை நேரில் அழைத்து வாயால் விசாரிக்க வேண்டும் என்று ஒரு வசனம் எழுதினாள். அழித்தாள். பிறகும் எழுதினாள். தானாகச் சொல்ல வக்கில்லாதவள், பிடிபடுவதற்கு ஒரு வழியையாவது திறந்துவைப்போம் என்று நினைத்தாள் போலும். கஜேந்தினிக்குத் தேத்தண்ணீர் கொடுத்து, பகல் சாப்பாடும் கொடுத்து, பஸ் ஏறும் வரை கூடவே போய் நின்றாள். எழுதியதற்கு என்ன தரவேண்டும் என்று அவள் கேட்டபோது நிப்லா கையெடுத்துக் கும்பிடாத குறையாக வேண்டாம் என்றாள்.

“நீங்க நல்லா இருக்கோணும் டீச்சர்,” என்று சொல்லிவிட்டுக் கஜேந்தினி பஸ்ஸில் ஏறினாள்.

கொம்பனி அசைந்தது. இரண்டு கிழமைக்குள் காக்கா பதறிப்போய்க் கோல் எடுத்தான்.

“புள்ள, என்ன நேர கூப்பிட்டு வாயால விசாரிக்கப் போறாங்களாம். பெரிய ஒபிசர் ஒருத்தர் வாறாராம். முதல் எழுதினதும் இப்ப சொல்லுறதும் ஒண்டா இருக்கணும். நீ அண்டைக்கு எழுதினத எனக்குத் தமிழ்ல ஒருக்கா வாசிச்சுக் காட்டு. பாடமாக்கிட்டுப் போறன்.”

நிப்லா புது வீட்டின் அறையில் நின்றாள். ஓடித் தப்ப இனி இடம் இல்லை. வாசித்தாள். சொல்லியிருக்கக் கூடும். கொஞ்சம் தேய்ந்திருந்தது. எஞ்சினியர் இல்லை.

காக்கா இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னான். திரும்பவும் வாசித்தாள்.

“கொம்பனிக்காரன் மாத்தினதா?” என்று கேட்டான்.

“இல்ல காக்கா. நான்.”

“பிழையா எழுதிட்டியா?”

ஓம் என்று சொல்லியிருந்தால் காக்கா நம்பியிருப்பான். இங்கிலீசில் யாருக்கும் பிழை வரும்தானே என்று அவனே ஆறுதலும் சொல்லியிருப்பான்.

“பிழையா எழுதல்ல. முதல் சரியாத்தான் எழுதின. உங்கட வேல போயிரும் எண்டு பயந்து மாத்தின. ஊடு நிண்டிரும் எண்டு.”

காக்கா ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

“அல்லாட மேல ஆணையிட்டு அவனுக்குச் சொன்னன் நிப்லா,” என்றான் மெல்ல. மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. “சரி. நான் எஞ்சினியர்ட்டச் சொன்னன் எண்டுறத்துக்கு இங்கிலீசில என்ன? அத மட்டும் சொல்லித்தா.”

“ஐ டோல்ட் ஹிம்.”

“ஐ டெல் ஹிம்.”

“டெல் இல்ல காக்கா. டோல்ட். முடிஞ்ச விஷயம்.”

“ஐ டோல்ட் ஹிம்.”

எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தான். சிறுபிள்ளைகள் குர்ஆன் சூறா பாடமாக்குவதுபோல் விடாமல் சொன்னான். நிப்லா ஒவ்வொரு தரமும் ஓம் என்றாள். பிறகு அவன் ஒரு காரியம் சொன்னான்.

“பவிதரனையும் மனிசியையும் அண்டைக்கு நம்மட ஊட்ட கூப்பிடு. நான் கோல எடுத்து, போன அப்பிடியே பொக்கட்டுக்குள்ள வெச்சிட்டு உள்ள போவன். நான் சொல்லுறத அவன் காதால கேட்கட்டும். உண்ட கதைய இப்ப எடுக்காத. நிக்காஹ் முடியட்டும், நானே அவன்ட்ட பக்குவமாச் சொல்லுறன். விளங்கினதா?”

விளங்கியது. இந்த நிலையிலும் அவன் அவளைத்தான் கரைசேர்க்கப் பார்க்கிறான் என்பதும் விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை பகல் லுஹர்த் தொழுகைக்கு முன் பவிதரனும் கஜேந்தினியும் வந்தார்கள். கஜேந்தினி கெஞ்சித்தான் அவனைக் கூட்டிவந்திருப்பாள், முகத்தில் தெரிந்தது. வலக்கையை மடியில் வைத்து அதன்மேல் மற்றக் கையை வைத்து மூடிக்கொண்டிருந்தான். உம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவன் இடக்கையால் கோப்பையை எடுக்கத் தடுமாறியதைப் பார்த்ததும் உம்மா அவசரமாக உள்ளே போய்விட்டார்.

கோல் வந்தது. நிப்லா போனை மேசையில் வைத்தாள். துணி உரசும் சத்தம், கதவு திறக்கும் சத்தம், பிறகு ஒரு கனத்த குரல். ஒபிசர் இழுத்து இழுத்துக் கேட்டார். சங்கிலியைப் பற்றி யாரிடமாவது குறிப்பிட்டதுண்டா?

“ஐ டோல்ட் ஹிம்,” என்றான் முஸ்தாக். “எஞ்சினியர். ஐ டோல்ட் ஹிம். செயின் வெரி பேட். ஐ டோல்ட் ஹிம்.”

பவிதரன் கோப்பையை வைத்துவிட்டு முன்னால் குனிந்தான். அவன் கண் கலங்கியது. கஜேந்தினி விளங்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லுறான்,” என்றான் அவளிடம். “எஞ்சினியர்ட்டச் சொன்னதெண்டு சொல்லுறான்.”

நிப்லாவுக்கு மூச்சு வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது, இனி யாருக்கும் எதுவும் தெரியவேண்டியதில்லை என்றுகூட அந்த நேரத்தில் நினைத்தாள். அப்படி நினைத்ததற்கு அவள் தன்னை மன்னிக்கவே இல்லை. ஏனென்றால் ஒபிசர் அதோடு விடவில்லை. கடதாசி புரட்டும் சத்தம் கேட்டது. அப்படியானால் முதலில் ஏன் வேறுமாதிரி எழுதினாய், இதை எழுதியது யார் என்று கேட்டார். அதற்குப் பதில் அவள் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்படி ஒரு கேள்வி வரும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

பிறகு காக்காவின் குரல் வந்தது.

“மீ. ஐ ரைட். பெர்ஸ்ட் டைம் ஐ லை, சேர். ஐ சொறி.”

வினை பிழைத்திருந்தது. நிப்லாவின் வாழ்க்கையில் முதல் தரமாக அது அவள் காதில் உறுத்தவில்லை. அந்த அறைக்குள் அவளுடைய பொய்யைத் தன் தலையில் வாங்கிக்கொண்டு ஒருவன் தனியாக நிற்கிறான் என்பது மட்டும் கேட்டது. போனைப் பார்த்து அவள் இங்கிலீசில் கத்தியிருக்கலாம். எத்தனை அழகான வசனம் வேண்டுமென்றாலும் அவளுக்குத் தெரியும். அவள் கத்தவில்லை. கனத்த குரல் ஏதோ கடுமையாகச் சொன்னது. போ என்றது. துணி உரசியது. கோல் அறுந்தது.

பவிதரன் எழும்பிவிட்டான். அந்த இரண்டு வார்த்தை இங்கிலீசு விளங்குகிற அளவுக்கு அவனும் அங்கே கிடந்திருக்கிறான்.

“என்ன சொன்ன?” என்று கஜேந்தினி கேட்டாள்.

“முதல் எழுதினது பொய்யாம். தான்தான் எழுதினதாம். அவன் வாயாலயே சொல்லிட்டான்.” இடக்கையால் போனைச் சுட்டிக்காட்டினான். “எனக்கு அவன்ட கடவுள்ர பேரில சத்தியம் பண்ணினான் கஜேந்தினி. நான் இவ்வளவு நாளும், அப்பிடிச் செய்யமாட்டான், செய்யமாட்டான் எண்டு உள்ளுக்குள்ள ஒரு பக்கத்தால நினைச்சிட்டுத்தான் இருந்தன். வா, போவம்.”

திரை விலகியிருந்தது. உம்மா அங்கே நின்று நிப்லாவையே பார்த்தார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்ல ஆட்டினார். வேண்டாம் மகள் என்கிற ஆட்டம். காக்காவே தாங்கிக்கொண்டான், இனி நீ ஏன் என்கிற ஆட்டம். நிப்லாவும் அதைத்தான் ஒரு கணம் யோசித்தாள். பவிதரன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

“அது காக்கா எழுதினதில்ல,” என்றாள்.

பவிதரன் திரும்பினான்.

“நான் எழுதின. காக்கா எல்லாம் உள்ளபடிதான் சொன்னார். எஞ்சினியர்ட்டச் சொன்னதையும் சொன்னார். நான்தான் மாத்தின. தெரியாம இல்ல. தெரிஞ்சுதான் மாத்தின. காக்காக்குப் போன கிழமை வரைக்கும் தெரியா. உங்களுக்கு அவர் பண்ணினது பொய்ச் சத்தியம் இல்ல.”

உம்மா உள்ளேயிருந்து “அஸ்தஃபிருல்லாஹ்” என்று முணுமுணுத்தார்.

“ஏன்?” என்று பவிதரன் கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை, விளங்காமல் கேட்டான். “எங்களுக்கும் உங்களுக்கும் என்ன தங்கச்சி?”

“ஒண்டுமில்ல. காக்காட வேல போனா ஊடு கட்டி முடியா. கலியாணம் நிண்டிரும். அதுக்குத்தான்.”

சொல்லி முடித்தபோது அந்தக் காரணம் எவ்வளவு சின்னதாக இருந்தது என்று அவளுக்கே தெரிந்தது. பவிதரன் திறந்திருந்த கதவு வழியாகப் பக்கத்து வீட்டை, புதுப் பெயின்டை, கண்ணாடி போட்ட யன்னலைப் பார்த்தான். பிறகு தன் கையைப் பார்த்தான். முற்றத்தில் இறங்கி, இடக்கையால் போனை எடுத்துக் காக்காவுக்குக் கோல் எடுத்தான். அங்கே யாரும் எடுக்கவில்லை. திரும்பவும் எடுத்தான்.

கஜேந்தினி மட்டும் கதிரையை விட்டு எழும்பவில்லை. தேத்தண்ணீர் ஆடை கட்டிக் கிடந்தது.

“நான் முஸ்தாக் அண்ணன்ர பேரச் சொல்லி மண் வாரிப் போட்டன் டீச்சர்,” என்றாள். “எங்கட பிள்ளையார் கோயில் வாசல்ல. தலைய விரிச்சுப் போட்டுக்கொண்டு, அவர்ர குடும்பம் விளங்கக் கூடா, அவருக்கு ஒரு கலியாணம் காட்சி நடக்கக் கூடா எண்டு கேட்டன். அவர் ஒண்டும் செய்யல்ல எண்டா அத நான் இப்ப என்னண்டு திருப்பி எடுக்கிற?”

மார்க்கம் வேறு, நம்பிக்கை வேறு. ஆனாலும் காக்காவின் பேர் அந்த மண்ணோடு கிடக்கிறது என்பதை நிப்லாவால் தாங்க முடியவில்லை.

“அங்க போய் என்ட பேரச் சொல்லுங்க,” என்றாள். “காக்காட பேர எடுத்திட்டு, என்ட பேரச் சொல்லுங்க. நிப்லா எண்டு சொல்லுங்க.”

கஜேந்தினி அவளை ஏறிட்டுப் பார்த்தாள்.

“உங்கட பேர எப்பிடிச் சொல்லுற? போன வெள்ளிக்கிழமை உங்கட பேருக்கு அருச்சனை செஞ்சிட்டு வந்திருக்கன். நட்சத்திரம் தெரியா எண்டு ஐயர்ட்டச் சொன்னன். பேர் போதும், நல்லா இருப்பா எண்டார்.”